பிரிகிட்டாவின் நாக்கு

டிசம்பர் 24, தூத்துக்குடி துறைமுகம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏழு மாதமாக இந்தக் கப்பலில் எல்லோரும் சப்புக்கொட்டித் தின்ற கோழிக்குழம்புக்கு நான் இஞ்சி பூண்டு இடித்தது கப்பல் மணியின் நாக்கால்.

இன்று மாலை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கோபம், பொய், மச்சினன் மேல் பொறாமை, ஒருசந்தி நாளில் ருசி பார்க்கிறேன் என்று அரைத் தட்டு நெத்திலி வறுவலைக் காலி செய்தது என்று எல்லாவற்றையும் சாமியாரிடம் ஒப்பித்தேன். இது மட்டும் வாயில் வரவில்லை. ஆகவே நோட்டிடம் சொல்கிறேன். நோட்டு பிராயச்சித்தம் கேட்காது.

எம்.வி. வெண்சங்கு ஒரு கிழட்டு நிலக்கரிக் கப்பல். ஹால்தியாவில் கரி ஏற்றும், தூத்துக்குடியில் இறக்கும், மறுபடி போகும். நான் அதில் சமையல்காரன். கப்பல் பாஷையில் பண்டாரி. பெயர் செலஸ்டின் மச்சாது. வயது நாற்பத்தொன்பது.

கப்பலின் முன்மூக்கில், அதாவது அணியத்தில், ஒரு பித்தளை மணி தொங்குகிறது. கப்பல் எத்தனை கை மாறினாலும், எத்தனை பெயர் வைத்தாலும், மணியில் வெட்டின முதல் பெயரை அழிக்கக்கூடாதாம். எங்கள் மணியில் 'பிரிகிட்டா 1988' என்று இருக்கிறது. அதைத் துலக்கிப் பளபளப்பாக வைப்பது சமையல்காரன் வேலை. ஏன் என்று கேட்டால் பழைய கப்பல்காரர்கள் வழக்கம் என்பார்கள். அடுப்புப் புகையில்தானே கறுக்கிறது, அடுப்புக்காரனே தேய்க்கட்டும் என்று எவனோ ஒரு கேப்டன் உப்புக் கூடிப்போன ஒரு நாளில் பழிவாங்கியிருப்பான் என்பது என் ஆராய்ச்சி. போன வருடம் என் மனைவி ரெஜினா என் நோட்டைப் படித்துவிட்டாள். 'இன்று பிரிகிட்டாவோடு ஒரு மணி நேரம். புளி போட்டுத் தேய்த்ததில் தகதகவென்று இருக்கிறாள்' என்று எழுதியிருந்தேன். இரண்டு நாள் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

மே மாதம் கப்பல் மிக்ஸி புகைந்து செத்தது. இரும்பு உரல் ஒன்று இருந்தது. அதன் உலக்கையைக் கழுவி ஜன்னல் திட்டில் வைத்தேன். கப்பல் சாய்ந்தது, உலக்கை கடலுக்குப் போனது. மறுநாள் துலக்குவதற்காக மணியின் நாக்கைக் கழற்றினேன். ஒன்றரைக் கிலோ கனம். அடி உருண்டை. பிடிக்க வாகு. இஞ்சிக்கென்றே வார்த்த மாதிரி இருந்தது. இந்தக் காலத்தில் யார் மணி அடிக்கிறார்கள்? எல்லாம் கடிகாரமும் கரண்டு ஹாரனும்தான்.

போன வாரம் இலங்கைக்குத் தெற்கே வரும்போது நாக்கைக் கழுவி ஜன்னல் திட்டில் வைத்தேன். ஆம், அதே திட்டில்தான். கப்பல் சாய்ந்தது.

பழைய கேப்டன் அணியத்துப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. நேற்று அவர் இறங்கிவிட்டார். புது கேப்டன் ஏறினார். காரைக்கால் பக்கத்துப் பெண், பெயர் தையல்நாயகி, நாற்பது இருக்கலாம். ஏறினதும் நேராக வந்து நின்ற இடம் மணிக்கு முன்னால்.

"நல்லா மினுங்குதே. யாரு தொலக்கறது?"

கை தூக்கினேன். மேடம் தலையாட்டினார். குனிந்து உள்ளே பார்க்கவில்லை. பனிமய மாதாவே, உமக்கு ஒரு மெழுகுவர்த்தி.

டிசம்பர் 25

கிறிஸ்துமஸுக்கு ஆறு மணி நேரம் வீட்டுக்கு விட்டார்கள். பூசை முடிந்ததும் பித்தளைப் பட்டறைகளாகத் தேடிப் போனேன். மூன்று பட்டறை, மூன்று பூட்டு. பாலன் பிறந்த நாளில் எவன் உலை மூட்டுவான்?

சாப்பாட்டுக்கு மச்சினன் தொம்மை வந்தான். புரோட்டாக் கடை திறந்து நாலு மாதம்தான் ஆகிறது. அதற்குள் நடையே மாறிவிட்டது.

"மச்சான், ஒமக்கு என்னைக்குக் கப்பல் முடியுதோ, அன்னைக்கே வந்துரும். சால்னாப் பக்கம் ஒம்மள நிப்பாட்டிருதேன். யூனிபார்மு கூட தச்சாச்சு பாத்துக்கிடும்."

பையிலிருந்து எடுத்துக் காட்டினான். ஆரஞ்சு நிற பனியன். மார்பில் தொம்மையின் முகம், பல் தெரியச் சிரிக்கிறது. அதற்குக் கீழே 'ருசிக்கு நான் பொறுப்பு'.

ரெஜினா அதை என் முதுகில் வைத்து அளவு பார்த்தாள். "பொருத்தமாத்தான் இருக்கு. நீங்களும் எத்தன நாளைக்குத்தான் கடல்ல கெடப்பீங்க?"

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. கப்பல்காரர்களுக்கு சி.டி.சி. என்று ஒரு புத்தகம் உண்டு. ஒப்பந்தம் முடியும்போது கேப்டன் அதில் நடத்தை எப்படி என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். இருபத்தேழு வருடமாக எனக்கு எல்லாப் பக்கத்திலும் 'மிக நன்று'. என் வயதில் ஒரே ஒரு 'நன்று' விழுந்தாலும் போதும், கம்பெனி மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடும். இந்த ஒப்பந்தம் ஜனவரி பத்தாம் தேதி முடிகிறது. எழுதப்போவது தையல்நாயகி மேடம். ஆக, எனக்கும் அந்த ஆரஞ்சு பனியனுக்கும் நடுவே நிற்பது நாக்கில்லாத ஒரு மணி.

கிளம்பும்போது ரெஜினா சாத்தூர் சம்பா வற்றல் மூன்று கிலோ கட்டிக் கொடுத்தாள். "பாத்துப் போடுங்க. இந்த வருசத்துக் காய் போன வருசத்த விட ரெண்டு பங்கு உறைக்கி. வறுக்கும்போது ஜன்னலத் தொறந்து வச்சிக்கிடுங்க."

டிசம்பர் 27, கடலில்

காலை இட்லி சரியாக வேகவில்லை. அதைப் பற்றி யாரும் பேசவில்லை, ஏனென்றால் மேடம் அதைவிடப் பெரிய குண்டைப் போட்டார். எல்லோரையும் சாப்பாட்டு அறையில் உட்காரவைத்துச் சொன்னார்:

"ஒண்ணாம் தேதிலேருந்து இந்தக் கப்பல்ல மணி அடிக்கப் போறோம். அரை மணிக்கு ஒண்ணு, ஒரு மணிக்கு ரெண்டு, இப்படியே நாலு மணி நேரத்துக்கு எட்டு. எட்டு அடிச்சா ஒரு காவல் முடிஞ்சுது, அடுத்த ஆள் வரணும்."

கை தூக்கினேன். "மேடம், அதுக்குத்தான் எல்லார் கையிலயும் வாட்சு இருக்கே?"

"ஒங்க கையில இருக்கறது ஒங்களுக்கு. மணி கப்பலுக்கு."

குனிந்து இட்லித் தட்டைத் துடைத்தேன்.

"இன்னொரு வழக்கமும் இருக்கு. புது வருஷம் பொறக்கறப்போ பதினாறு அடி. கப்பல்லயே வயசுல மூத்தவர் பழைய வருஷத்துக்கு எட்டு, ரொம்பச் சின்னவர் புது வருஷத்துக்கு எட்டு. நம்மள்ல யாரு மூத்தவரு?"

நான் மேலே பார்த்தேன். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த செராங்கு நூகுவும் மேலே பார்த்தான். செராங்கு என்றால் தள ஆட்களுக்கெல்லாம் தலைவன். காயல்பட்டினத்துக்காரன், மீசைக்கு மை தடவுகிறவன். கூரையில் அப்படி ஒன்றும் விசேஷம் இல்லை.

"சரி, முடிவு பண்ணிச் சொல்லுங்க. செராங்கு, மணிக்கு நல்ல கயிறா ஒண்ணு பின்னிடுங்க."

டிசம்பர் 28

மணிக்கயிறு என்பது நாக்கில் கட்டித் தொங்கவிடுவது. நூகு அதைப் பின்னுவதில் மன்னன். இரவெல்லாம் உட்கார்ந்து, முடிச்சு மேல் முடிச்சாக, கல்யாணப் பெண் ஜடை மாதிரி ஒன்று பின்னிக்கொண்டு காலையில் கட்டப் போனான். நான் அவன் பின்னாலேயே தேநீரோடு ஓடினேன்.

மணிக்குள் கை விட்டான். துழாவினான். குனிந்து பார்த்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"என்ன ஓய், நாக்கக் காணோம்?"

"அப்படியா? பாரேன்! காலம் கெட்டுப்போச்சு நூகு."

"தொலக்குறவரு நீரு. கழத்துனது யாரு?"

தேநீரை வாங்கிக் குடித்தான். பாதியில் நிறுத்தி, மணிக்குள் விட்ட கையை மோந்து பார்த்து, சிரித்தான். நான் பூண்டுக் கையாலேயே துலக்கியதில், கடல் காற்றில் கிடந்தும் மணிக்குள் பூண்டு வாசம் இருந்திருக்கிறது. அந்த மூக்குக்கு ஏதாவது விருது கொடுக்கலாம். அழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னேன். தொம்மையின் பனியனையும் சொன்னேன். அவன் சிரிப்பை நிறுத்தக் கால் மணி நேரம் ஆயிற்று.

"நான் ஒரு பெரிய போல்ட்டக் கம்பியில கட்டித் தொங்க விடுறேன். வெளிய தெரியாது. ஆனா ரெண்டு நிபந்தனை ஓய்."

"சொல்லு."

"இனிமே மீன் தலை எனக்கு."

"எடுத்துக்கோ."

"கப்பல்ல மூத்தவரு நீருதாண்டு எல்லாரு முன்னாலயும் நீரே சொல்லணும்."

மனிதனுக்கு இரக்கம் என்று ஒன்று வேண்டாமா?

டிசம்பர் 29

மழை. உப்புமா. நான்தான் மூத்தவன் என்று எழுந்து நின்று சொன்னேன். யாரும் ஆச்சரியப்படவில்லை. அதுதான் வலித்தது.

டிசம்பர் 30

சாப்பிட வந்த மேடம் மணியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். நெருப்புப் பிடித்தால் மணிதான் முதலில் கத்துமாம். சில தேசத்துக் கப்பல்களில் மணியைக் கவிழ்த்து அதில் தண்ணீர் ஊற்றிக் குழந்தைக்கு ஞானஸ்நானமே கொடுப்பார்களாம்.

என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொன்னேன். ஞானஸ்நானத் தொட்டி மாதிரியான ஒன்றின் நாக்கால் பூண்டு நசுக்கியிருக்கிறேன்.

ஜனவரி 1

இரவு பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் அணியத்தில் கூடினோம். மேடம் கையில் என் சி.டி.சி. புத்தகம். "சீனியர் மோஸ்ட், செலஸ்டின் மச்சாது. வயசு அம்பத்திமூணு" என்று சத்தமாகப் படித்தார். எழுத்தர் எவனோ அன்றைக்குத் தவறாக எழுதிவிட்டான் என்று சொல்ல வாயெடுத்தேன். நூகு மீன் தலையைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டேன்.

கயிற்றை மெதுவாக, தூங்குகிற பிள்ளையின் தொட்டிலை ஆட்டுகிற மாதிரி ஆட்டி எட்டு அடித்தேன். போல்ட்டு தாங்கியது. பிறகு மூன்றாவது அதிகாரி. இருபத்து மூன்று வயது, உடற்பயிற்சி செய்கிற உடம்பு. பாம்பை அடிக்கிற மாதிரி எட்டு அடித்தான். எட்டாவது அடியில் உள்ளே கம்பி 'கிரீச்' என்றது எனக்கு மட்டும் கேட்டது.

"சத்தம் கொஞ்சம் கரகரன்னு இருக்குல்ல?" என்றார் மேடம்.

"வயசாயிட்டுல்லா மேடம், குளிருக்குத் தொண்டை கட்டியிருக்கும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மணியைச் சொன்னேனா என்னையா என்று யாரும் கேட்கவில்லை.

மாலையில் சாகர் தீவுக்கு வெளியே நங்கூரம் போட்டோம். ஆற்றுக்குள் கூட்டிப்போகும் பைலட் வரும்வரை இங்கேதான். பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம்; சங்கிலி பதினைந்து பாகம் இறங்கும்போதெல்லாம் நூகு மணியில் ஒரு அடி அடித்தான். மேலே நிற்கிற கேப்டனுக்கு எவ்வளவு சங்கிலி போயிற்று என்பதற்குக் கணக்கு அதுதான். ஐந்து அடித்தான். ஒவ்வொரு அடிக்கும் எனக்கு ஒரு பல் ஆடியது.

ஜனவரி 3, சாகர் வெளித்துறை

எழுத்து கோணிக்கொண்டு போகிறது. பயத்தில் அல்ல, நாலரை மணி நேரம் கத்தியை வீசிய கை.

காலை எழுந்து பார்த்தால் ஆப்ப மாவுக்குள் கப்பலை இறக்கி வைத்த மாதிரி பனி. என் சமையலறை கப்பலின் பின்பக்கம். அங்கிருந்து பார்த்தால் முன்பக்கம் என்று ஒன்று இருப்பதற்கே அடையாளம் இல்லை. மதியத்துக்கு சீலா மீன் குழம்பு. டீசல் அடுப்பில் பெரிய சட்டியை வைத்து, கொஞ்சம் எண்ணெய் விட்டு, ரெஜினா கொடுத்த வற்றலில் அரைக் கிலோவைக் கொட்டி, தணலைக் குறைத்துவிட்டு மீனை வெட்ட உட்கார்ந்தேன்.

ஏழு மணிக்கு விளக்கு அணைந்தது. மின்விசிறி நின்றது. ஜெனரேட்டர் மூச்சு விட்டு அடங்கிற்று. அவசர ஜெனரேட்டர் இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. ரேடார் இல்லை, கரண்டு ஹாரன் இல்லை. ஆயிரக்கணக்கான டன் இரும்பு, கண்ணும் வாயும் இல்லாமல் கப்பல் போகிற பாதை ஓரத்தில் நிற்கிறது.

சுவரில் தொங்கிய வாக்கி-டாக்கியில் மேடம் குரல் கேட்டது. "செராங்கு, மணி! நிமிஷத்துக்கு ஒரு தடவை, அஞ்சு செகண்டு, விடாம வேகமா. பனியில நங்கூரம் போட்டு நிக்கற கப்பல் இங்க இருக்கோம்னு சொல்ற பாஷை அது. விட்டுடாதீங்க!"

முன்னாலிருந்து மணி கேட்டது. கணகணகண. ஒரு நிமிடம். மறுபடி கணகண, 'கிரீச்', பிறகு தண்ணீரில் ஏதோ விழுந்த ஓசை. அப்புறம் ஒன்றுமில்லை.

அந்த ஒன்றுமில்லை இருக்கிறதே, என் ஐம்பத்திமூன்று வருடத்தில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. தொம்மையின் பல் கண்ணுக்குள் தெரிந்தது. பிறகு அதுவும் போய், கப்பலில் இருக்கிற பதினெட்டுப் பேர் முகம் தெரிந்தது. நான் இடித்த இஞ்சியைத் தின்றவர்கள்.

ஓடினேன். கையில் மீன் வெட்டின கத்தி. ஆட்டு எலும்பையும் நறுக்குகிற கனமான கத்தி. வழுக்கி விழுந்தேன், எழுந்தேன். அணியத்தில் நூகு அறுந்த கம்பியோடு நின்றான்.

"போச்சு ஓய்! போல்ட்டு கடல்ல!"

"தள்ளு!"

கத்தியைத் திருப்பி, முதுகுப் பக்கத்தால் பிரிகிட்டாவின் விளிம்பில் ஓங்கி அடித்தேன். அடேயப்பா! இத்தனை நாள் துலக்கியும் அவளுக்கு இப்படி ஒரு குரல் உண்டென்று எனக்குத் தெரியாது. பனியையே கிழித்துக்கொண்டு போயிற்று.

நூகுவின் வாக்கி-டாக்கி கேட்டது: "அங்க என்ன நடக்குது? மணி அடிக்கறது யாரு?"

"பண்டாரி மேடம்," என்றான் நூகு. "மணிக்கு நாக்கு இல்ல. கத்தியால அடிக்கிறாரு."

"ரெண்டு பேருக்கிட்டயும் அப்புறம் பேசிக்கறேன். இப்ப அடிங்க. செராங்கு, பின்பக்கமும் சத்தம் வேணும். என்ன இருக்கு?"

"என் பிரியாணி அண்டா!" என்று நான் கத்தினேன். "ஸ்டோருல இருக்கு! ஆனா நெளிச்சிராத நூகு!"

அவன் பனிக்குள் ஓடி மறைந்தான். கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து அண்டா முழங்கியது. முன்னால் மணி, பின்னால் அண்டா. எந்தத் தேர்த் திருவிழாவும் அப்படிக் கேட்டிருக்காது.

கடிகாரத்தை மீன் கவிச்சிக்காகச் சமையலறையில் கழற்றி வைத்திருந்தேன். ஆகவே அருள் நிறைந்த மரியே சொல்லி நேரத்தை அளந்தேன். வேகமாகச் சொன்னால் ஆறு சொல்ல ஒரு நிமிடம். அடிக்கிற நேரத்துக்குப் பாதி ஜெபம்.

இருபது நிமிடம் ஆகியிருக்கும். பின்பக்கம் அண்டா திடீரென்று நின்றது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நூகு பாதித் தூரம் முன்னால் வந்து, துண்டைத் தலைக்கு மேல் சுழற்றி ஏதோ கத்தினான். என் மணிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. உற்சாகப்படுத்துகிறான் என்று புரிந்தது. நானும் கத்தியைத் தூக்கி ஆட்டினேன். தலையில் அடித்துக்கொண்டு திரும்பி ஓடினான். உணர்ச்சிவசப்பட்டுவிட்டான் பாவம்.

அப்போதுதான் அது வந்தது. எங்களுக்குப் பின்னால், பனிக்குள்ளிருந்து இஞ்சின் இரைச்சல். பிறகு ஒரு கறுப்பு நிழல். சாம்பல் ஏற்றின ஒரு பார்ஜ், அதாவது தட்டைச் சரக்குப் படகு, கோயில் மதில் மாதிரி நீளம். நேராக எங்கள் பின்பக்கத்தை நோக்கி வந்தது கடைசி நேரத்தில் மூக்கைத் திருப்பி, எங்கள் இடது பக்கமாக ஒட்டிக்கொண்டு போயிற்று. வாளியை நீட்டினால் வாங்கிக்கொள்ளும் தூரம். நான் அடித்தேன், அடித்தேன், அடித்துக்கொண்டே இருந்தேன்.

அவர்கள் என்னைக் கடந்து போனதை மறக்கமாட்டேன். எல்லோரும் தளத்துக்கு வந்து நின்றார்கள். லுங்கி நுனியை வாயில் பொத்திக்கொண்டு அழுதார்கள்! கண்ணில் தாரை தாரையாக நீர். ஒருவர் குனிந்து தோள் குலுங்கத் தேம்பினார். இன்னொருவர் என்னைப் பார்த்து முஷ்டியை உயர்த்தி ஆட்டினார். அந்த ஊரில் அப்படித்தான் வாழ்த்துவார்கள் போலிருக்கிறது. நான் கத்தியை நெஞ்சில் வைத்து வணங்கினேன்.

பதினொன்றரைக்குப் பனி விலகியது. விளக்கும் வந்தது. மேடம் அணியத்துக்கு வந்தார். அவருக்கும் கண் சிவந்து கலங்கி இருந்தது. மூக்கைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். இரும்பு மனுஷி என்று நினைத்திருந்தேன்.

"நாக்கு எப்பலேருந்து இல்ல?"

எல்லாவற்றையும் சொன்னேன். இஞ்சி, பூண்டு, ஜன்னல் திட்டு, ஒரே திட்டு இரண்டு தடவை. சாமியாரிடம் சொல்லாததைக் கேப்டனிடம் சொன்னேன்.

மேடம் குனிந்து மணிக்குள் பார்த்தார். "அப்ப நான் வந்தப்புறம் வச்ச கோழிக்குழம்புக்கு எதுல இடிச்சீங்க?"

"சப்பாத்திக் கட்டையில மேடம்."

"அதான் சுமாரா இருந்துது." கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னெண்டு ஆகுது. காவல் முடியுது. எட்டு அடிக்கணும். நீங்களே அடிங்க, மச்சாது."

கத்தி முதுகால், இரண்டு இரண்டாக, எட்டு அடித்தேன். பதினெட்டுப் பேரும் கை தட்டினார்கள். நூகு விசில் அடித்தான். அவன் கண்ணும் செக்கச்செவேல். "என்ன நூகு, அழுதியா?" என்று கேட்டேன். "ஆமா ஓய், ரொம்ப" என்றான்.

பின்குறிப்பு: சமையலறைக்குத் திரும்பினால் யாரோ அடுப்பை அணைத்திருந்தார்கள். வற்றல் கரிக்கட்டை. சட்டியோடு கடலில் கவிழ்த்துவிட்டேன். வெற்றி நாளில் இதையெல்லாம் பெரிதுபடுத்துவானேன்? மிளகு ரசம் வைத்தேன். யாரும் காரம் கேட்கவில்லை. எல்லோரும் ஜன்னல் பக்கமாகவே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

ஜனவரி 4

கப்பலின் தினப்பதிவில் மேடம் எழுதியதை நூகு ஒளிந்து பார்த்துவந்து சொன்னான். 'சமையல்காரர் செ. மச்சாது விடாமல் மணி அடித்து மோதலைத் தவிர்த்தார்.' கம்பெனிக்கும் ஒரு கடிதம் போயிருக்கிறது. ஹால்தியாவில் புது நாக்கு வார்க்க ஏற்பாடு. கூடவே எனக்கு ஒரு உலக்கையும். ஜன்னல் திட்டில் ஒரு இரும்புத் தடுப்பு அடிக்கச் சொல்லி உத்தரவு.

பிரிகிட்டாவின் விளிம்பில் என் கத்தி போட்ட தழும்பு பதினேழு. தேய்த்துப் போக்கட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும்" என்றார் மேடம்.

ஜனவரி 6

ரெஜினா போனில் பேசினாள். கம்பெனிக் கடிதத்தின் நகல் வீட்டுக்கு வந்துவிட்டது. தெருவில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டியிருக்கிறாள். பங்குப் பத்திரிகையில் என் படத்தோடு போடப் போகிறார்களாம். தலைப்பு, 'மணியோசையால் பதினெட்டு உயிர் காத்த நம் மச்சாது'. தொம்மையும் வாசித்தானாம். அந்தப் பனியனைக் கடையில் அண்டா பிடிக்கிற துணியாக்கிவிட்டார்களாம்.

"சரி, வத்தல் எப்படி இருந்துச்சி?" என்று கேட்டாள்.

"சுமார்தான்" என்றேன். பெருமை வந்தால் மனிதன் இப்படித்தான் பேசுவான்.

ஜனவரி 10, ஹால்தியா

சி.டி.சி. புத்தகம் கைக்கு வந்தது. 'மிக நன்று.' பக்கத்தில், எந்தக் கேப்டனும் போடாத ஒரு ஆச்சரியக்குறி. அடுத்த ஒப்பந்தமும் இதே கப்பலில். புது நாக்கு மாட்டியாயிற்று. நானே முதல் அடி அடித்தேன். பிரிகிட்டா பாடுகிறாள். இருபத்தெட்டாவது வருடம் தொடங்குகிறது. நோட்டு இத்தோடு நிறைகிறது. நல்ல இடத்தில் முடிந்தது.

அதே நாள், மாலை

அட்டையின் உள்பக்கம் எழுதுகிறேன்.

அந்தச் சாம்பல் பார்ஜ் எங்களுக்குப் பக்கத்திலேயே கட்டியிருக்கிறது. அதன் செராங்கு என்னைத் தேடி வந்தார். நூகுவுக்கு வங்காளம் தெரியும். நடுவில் நின்று சொன்னான். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்துச் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டேன்.

அவர் கொஞ்சம் வற்றல் கேட்டு வந்திருக்கிறார். அன்றைக்குப் பனியில் வந்துகொண்டிருந்தபோது திடீரென்று மிளகாய் நெடி மூக்கில் அறைந்ததாம். கண் திறக்க முடியவில்லையாம். முன்னால் யாரோ சமைக்கிறான், கப்பல் இருக்கிறது என்று சுக்கானை ஒடித்தாராம்.

"நான் அப்பவே வந்து கத்துனேன் ஓய், அடுப்ப அணையும்னு" என்றான் நூகு.

மணி எப்படிக் கேட்டது என்று கேட்கச் சொன்னேன். அவர் நூகுவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "எந்த மணி?" என்றார்.

பார்ஜில் பதினோரு பேர். இஞ்சின் இரைச்சலில் ஒருவருக்கும் கேட்கவில்லை.